ஆபரேஷனுக்கு முன்னால் எந்த மருந்தை நிறுத்துவது?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. மூன்று வருடமாக வயிற்றுவலி, பேதி. முதலில் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். குணமாகவில்லை. அப்புறம்தான் குடலில் அழற்சி வந்து புண்ணாகிற க்ரோன்ஸ் நோய் என்றார்கள். இப்போது சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கிவிட்டது. சாப்பிட்டால் வயிறு உப்பி வாந்தி வருகிறது. ஐந்து வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான்கு மாதமாக வைசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 20 மி.கி., அசாதயோபிரின் 100 மி.கி., எட்டு மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒரு அடாலிமுமாப் ஊசி. 61 கிலோ இருந்தவன் 48 ஆகிவிட்டான். ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் 2.7, ஹீமோகுளோபின் 8.9. கேஸ்ட்ரோ டாக்டர் ஊசியைத் தொடரலாம் என்கிறார். சர்ஜன், ஊசியை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் தள்ளிச் செய்யலாமா என்று யோசிக்கிறார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் தம்பியோ, ‘ஸ்டீராய்டு இருந்தால் தையல் ஆறாது, இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்து அக்கா’ என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? ஆபரேஷன் முடிந்துவிட்டால் இந்த மருந்தெல்லாம் வேண்டாம்தானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, இதை நீங்கள் படிக்கும் நேரத்தில் மகன் வைசோலோனை நிறுத்தியிருந்தால், மீதிப் பதிலை அப்புறம் படிக்கலாம். முதலில் அவருடைய டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. ஸ்டீராய்டு தையல் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ‘இன்றைக்கே நிறுத்து’ என்கிற மீதிப் பாதிதான் ஆளைச் சாய்த்துவிடும்.

காரணம் இதுதான். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் சுரக்கிறது. சாதாரண நாளில் அது சுரக்கும் அளவு, ஏறக்குறைய 5 மி.கி. வைசோலோனுக்குச் சமம். நான்கு மாதமாக அதைப்போல நான்கு மடங்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் சுரப்பி என்ன செய்யும்? கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். வயிற்றைத் திறந்து குடலை வெட்டித் தைக்கிற நாளில் உடம்புக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்ட்டிசால் வேண்டும். தூங்குகிற சுரப்பியால் அதைக் கொடுக்க முடியாது. மாத்திரையையும் நிறுத்தியிருந்தால் ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும். இதை மருத்துவ உலகம் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. கார்ட்டிசோன் புழக்கத்துக்கு வந்து சில வருடங்களே ஆன 1952-ல், அந்த மருந்து சாப்பிட்டுவந்த மூட்டுவாத நோயாளி ஒருவர் இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் மீளாத அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்த செய்தி அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. அட்ரீனல் சுருங்கிப்போயிருந்தது.

என் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்த காலம். குடல் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, ஒருவருக்கு ரத்த அழுத்தம் 70-க்கு இறங்கிவிட்டது. உள்ளே ரத்தம் கசிகிறதா, தையல் விட்டுவிட்டதா என்று எல்லோரும் பதறி, மறுபடி திறக்கலாம் என்கிற அளவுக்குப் பேச்சுப் போய்விட்டது. மயக்க டாக்டர் மட்டும் நோயாளியின் மனைவியைக் கூப்பிட்டு, வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். அந்த அம்மா கட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொட்டினார். பாதி தீர்ந்த ஸ்டீராய்டு அட்டை ஒன்று வந்து விழுந்தது. ‘ஆபரேஷனுக்கு உடம்பு சுத்தமாக இருக்கட்டும்னு பத்து நாளா நிறுத்திட்டாருங்க.’ ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில் போனது. மதியத்துக்குள் அவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால் மயக்க டாக்டரைப் பார்க்கப் போகும்போது, எந்த ஸ்டீராய்டு, எத்தனை மி.கி., எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். 5 மி.கி.-க்குக் குறையாமல் ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர் என்றாலே அவர்கள் கவனமாகிவிடுவார்கள். மயக்கம் கொடுக்கும்போது 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு 200 மி.கி. டிரிப்பில் என்பது பிரிட்டிஷ் மயக்கவியல் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல். நம் ஊர் மருத்துவமனைகளில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது பரவாயில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

நிறுத்தக் கூடாது என்றால் அப்படியே 20-லேயே போகலாமா? அதுவும் வேண்டாம். 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ஆறு வாரத்தைத் தாண்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடலை வெட்டி ஒட்டிய இடத்தில் கசிவு, வயிற்றுக்குள் சீழ் எல்லாம் கூடுதலாக வருகின்றன. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது. உங்கள் மகன் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறார். கையில் ஐந்து வாரம் இருக்கிறது. வாரத்துக்கு 2.5 அல்லது 5 மி.கி. என்று குறைத்துக்கொண்டே போய் 10-க்குக் கீழே கொண்டுவர முடிந்தால் சர்ஜனே சந்தோஷப்படுவார். இந்தக் கணக்கைக் கேஸ்ட்ரோ டாக்டர்தான் போட வேண்டும், நீங்களோ நானோ அல்ல. குறைக்கும்போது வலியும் வாந்தியும் கூடினால் அன்றைக்கே அவருக்குத் தெரிய வேண்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்குள் 5 மி.கி.-க்கு இறங்கிவிட்டாலும் சுரப்பி அதற்குள் முழுதாக விழித்திருக்காது. மயக்க டாக்டருக்கான அந்தத் தாள் அப்போதும் வேண்டும்.

இனி ஊசிக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் சண்டை இதில்தான் என்று தெரிகிறது. என்னைக் கேட்டால், இருக்கிற மூன்று மருந்தில் ஊசியைப் பற்றித்தான் குறைவாகக் கவலைப்படுவேன்.

சர்ஜன் தயங்குவதில் தப்பில்லை. அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் டிஎன்எஃப் என்கிற புரதத்தைக் கட்டிப்போடுகின்றன. கிருமியோடு சண்டை போடவும் அந்தப் புரதம் வேண்டும். பழைய ஆய்வுகளில் சில இந்த ஊசி போட்டவர்களுக்குச் சீழ் அதிகம் என்றன, சில இல்லை என்றன. பெரும்பாலும் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் போட்ட கணக்குகள் அவை. நோய் முற்றியவர்களுக்குத்தானே ஊசி போடுகிறோம், அப்புறம் பழியை ஊசி மேல் போடுவதா நோய் மேல் போடுவதா என்ற குழப்பம் தீரவே இல்லை. பின்னர் அமெரிக்காவில் 17 மருத்துவமனைகள் சேர்ந்து, ஆபரேஷனுக்குப் போகும் 947 குடல் அழற்சி நோயாளிகளை முன்கூட்டியே பட்டியலிட்டுப் பின்தொடர்ந்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. 12 வாரத்துக்குள் இந்த ஊசி போட்டிருந்தவர்களில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. போடாதவர்களில் 20.2 சதவீதம். ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுகூட அளந்து பார்த்தார்கள். மருந்து இருந்ததற்கும் தொற்று வந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. இதற்குப் பிறகு ஊசிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது பல இடங்களில் குறைந்துவிட்டது. வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் ஊசி போடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். டோஃபாசிட்டினிப், உபடாசிட்டினிப் என்று மாத்திரையாக வருபவை வேறு வகை. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தானாக முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடாலிமுமாப் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முற்றிலும் போக இரண்டு மாதத்துக்கு மேல். அந்த இரண்டு மாதமும் உங்கள் மகன் சும்மா இருப்பாரா? நோய் தலைதூக்கும், வாந்தி கூடும், அதை அடக்க ஸ்டீராய்டை 40-க்கு ஏற்றுவார்கள், எடை இன்னும் இறங்கும். ஊசிக்குப் பயந்து ஸ்டீராய்டின் மடியில் போய் விழுவது என்பது இதுதான். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடைமுறையில் என்ன செய்கிறோம் என்றால், கடைசி ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியின் கடைசியில் ஆபரேஷனை வைத்துக்கொள்கிறோம். அதாவது அடுத்த ஊசி போட வேண்டிய வாரத்தில் ஊசிக்குப் பதில் ஆபரேஷன். காயம் ஆறி, காய்ச்சல், சீழ் எதுவும் இல்லை என்று உறுதியானதும், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மறுபடி ஆரம்பிக்கலாம். ஆபரேஷன் தேதியை உறுதி செய்யும்போது ஊசித் தேதியையும் சொல்லிவிடுங்கள். ஒருவேளை ஸ்கேனில் வயிற்றுக்குள் சீழ்க்கட்டி இருந்தால் கதை வேறு. அப்போது ஊசியை நிறுத்திவைத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே குழாய் போட்டுச் சீழை வடித்து, ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்தது. உங்கள் கடிதத்தில் சீழ் பற்றி ஒன்றும் இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையான அசாதயோபிரினுக்கு இரண்டு வரி போதும். தொடரலாம். ஆபரேஷனை ஒட்டி வாயால் சாப்பிட முடியாத ஓரிரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது, அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மருந்து. ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மட்டும் ஆபரேஷனுக்கு முன்பு பார்த்திருக்க வேண்டும்.

மருந்து விஷயம் இவ்வளவுதான். இனி, நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்திய ஒன்று. 61 கிலோ 48 ஆகிவிட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தில் ஒரு பங்கு உடம்பு போய்விட்டது அம்மா! ஆல்புமின் 2.7 என்பது 3-க்குக் கீழே. இந்த உடம்பில் தையல் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. சர்ஜன் இரண்டு மாதம் தள்ளலாமா என்று யோசிப்பது ஊசிக்காகவா, இந்த எடைக்காகவா என்று நேராகக் கேளுங்கள். ஊசிக்காக என்றால் நான் மேலே எழுதியதைச் சொல்லிக் கேஸ்ட்ரோ டாக்டரோடு பேசச் சொல்லுங்கள். எடைக்காக என்றால் அவர் சொல்வதுதான் சரி. அந்த நாட்களைச் சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள்.

சாப்பாடு என்றால் கறியும் மீனும் வாரி வைப்பது இல்லை. குடல் சுருங்கிய இடத்தில் சக்கை போய் அடைத்துக்கொள்ளும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, கொய்யா, பலாச்சுளை, ஆரஞ்சின் வெள்ளைத்தோல், முழுக் கொண்டைக்கடலை எதுவும் வேண்டாம். நாங்கள் கேட்பது முழுச் சத்துள்ள பானம். டப்பாவில் வரும் மாவைக் கரைத்தோ, தயாராக வரும் திரவமாகவோ, சில வாரம் அதை மட்டுமே அல்லது பெரும்பகுதி அதையே குடிப்பது. நாளுக்கு ஏறக்குறைய 1500-லிருந்து 2000 கலோரி, புரதம் 60-லிருந்து 70 கிராம் வருகிற மாதிரி உணவியல் நிபுணர் கணக்குப் போட்டுக் கொடுப்பார். இது வெறும் ஊட்டம் மட்டும் இல்லை, குடலின் அழற்சியையும் தணிக்கிறது. இதை நம்பித்தான் ஸ்டீராய்டைக் குறைக்கத் துணிகிறோம். இங்கிலாந்தில் எக்ஸெட்டரில், ஆபரேஷனுக்குக் காத்திருந்த க்ரோன்ஸ் நோயாளிகள் 51 பேருக்கு ஆறு வாரம் இந்த மாதிரிப் பானம் கொடுத்துப் பார்த்தார்கள். 13 பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. உங்கள் மகனுக்கும் அப்படி ஆகும் என்று நான் ஆசை காட்டவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் போனாலும் தெம்போடு போவார்.

குடிக்கச் சுவையாக இருக்காது. மூன்றாம் நாளே ‘வாந்தி வருதும்மா’ என்பார். குளிர வைத்து, ஸ்ட்ரா போட்டு, மணிக்கு ஒரு அரை டம்ளராகக் கொடுத்துப் பாருங்கள். இவ்வளவு மெலிந்தவருக்கு முதல் நாளே முழு அளவும் ஊட்டக் கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று சத்து போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரசரவென்று இறங்கி இதயத்தைத் தொட்டுவிடும். மெதுவாக ஏற்றி, இடையில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஸ்டீராய்டில் இருப்பதால் சர்க்கரையையும் பார்ப்பார்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், அட்மிட் செய்துவிடுங்கள்.

ஆல்புமின் குறைவு என்றதும் விலை உயர்ந்த ஆல்புமின் பாட்டிலை வாங்கி ஏற்றச் சொல்லிச் சொந்தக்காரர்கள் யாராவது வருவார்கள். ரிப்போர்ட்டில் எண் ஏறும், உடம்பு ஏறாது. அந்தப் பணத்தைப் பானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினுக்கு இரும்பு மாத்திரை இந்தக் குடலில் சரியாக ஏறாது, வயிற்றையும் புரட்டும். நரம்பில் ஏற்றும் இரும்பு பற்றிக் கேளுங்கள். அப்புறம், மகன் பீடி சிகரெட் பிடிப்பாரா? அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரிடமே கேட்கிறேன்: தம்பி, இன்றோடு விடுங்கள். புகை பிடிக்கிறவர்களுக்குத் தையலும் மோசம், க்ரோன்ஸ் திரும்பி வருவதும் அதிகம்.

டிபி மாத்திரை ஆறு மாதம் வீணாகப் போயிற்றே என்று வருத்தப்படுவது எழுத்தில் தெரிகிறது. நம் நாட்டில் குடல் டிபியும் க்ரோன்ஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. உள்ளே பார்த்தாலும் சதையை எடுத்துப் பரிசோதித்தாலும் பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. டிபியை க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து, அதனால்தான் சந்தேகம் இருக்கும்போது முதலில் டிபிக்குக் கொடுக்கிறோம். ஆபரேஷனில் வெட்டி எடுத்த குடலை முழுதாகப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்கி, கேஸ்ட்ரோ டாக்டரிடம் காட்டிய பிறகுதான் ஊசியை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதுவரை இருந்த சந்தேகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஸ்டீராய்டும் எடைக்குறைவும் சரியாகாமலேயே ஆபரேஷன் அவசரமாகிவிட்டால், சர்ஜன் குடலை உடனே ஒட்டாமல், அதன் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் சேர தற்காலிகமாகப் பை வைக்கலாம். அதைக் கேட்டதும் அழாதீர்கள். ஒட்டிய இடம் கசிந்து வயிறு முழுக்க மலம் பரவுவதை நான் பார்த்திருக்கிறேன். சில மாதம் பையோடு இருந்து, உடம்பு தேறியதும் குடலை உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் வாரத்தில் ஒரு விஷயத்தில் கண் வையுங்கள். ஒட்டிய இடம் கசிவதாக இருந்தால் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தெரியவரும். ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலும் வலியும் அமுங்கியே இருக்கும். நாடித் துடிப்பு காரணமில்லாமல் 110, 120 என்று ஓடுவது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தட்டை ஒதுக்குவது, வயிறு கல்லாக இருப்பது, ‘என்னமோ சரியில்லம்மா’ என்று சொல்வது. இதில் ஒன்று இருந்தாலும் நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவை வேண்டாம், பாராசிட்டமால் போதும். இந்த நோய்க்காரர்களுக்குக் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம். தொப்புளைச் சுற்றி ஒரு ஊசி தினமும் போடுவார்கள், சிலருக்கு நான்கு வாரம்வரை. வீட்டுக்கு வந்ததும் எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. ஆபரேஷன் சுருங்கிய குடலை எடுக்கும், நோயை எடுக்காது. மருந்து எதுவும் இல்லாமல் விட்டவர்களைப் பெல்ஜியத்தில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் 73 சதவீதம் பேருக்கு ஒட்டிய இடத்திலேயே புண் திரும்பியிருந்தது. தொந்தரவு தெரிந்ததோ 20 சதவீதம் பேருக்குத்தான். மீதிப் பேர் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 26 வயது, முன்பே ஊசி வரை வந்த நோய் என்றால் மருந்து இல்லாமல் விடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஸ்டீராய்டு மட்டும் போய்விடும், அதையும் மெதுவாக இறக்கித்தான். சிறுகுடலின் அந்தக் கடைசி முழம்தான் பி12 வைட்டமினை உறிஞ்சும் இடம். அதில் எவ்வளவு நீளம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து, பி12 ஊசியும் பட்டியலில் சேரலாம்.

ஆபரேஷனிலிருந்து ஆறாவது மாதம் ஒரு கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். மகன் அப்போது நன்றாக இருப்பார், எடை ஏறியிருக்கும், கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம், லீவு கிடையாது என்பார். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியை இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.